வீட்டு வாசலில் கார் பழுதுபார்க்க வருபவர் ஜாக்குக்கு அடியில் என்ன வைக்கிறார்?

ஊத்தான் மெலிந்தாங், பாகான் டத்தோ, தெலுக் இந்தான் வட்டாரத் தோட்டங்களில் குடியிருப்போர், வீட்டுக்கே வந்து கார் பழுதுபார்த்துத் தருவதாக வாட்ஸ்அப்பில் விளம்பரம் செய்யும் போமன்களை அழைப்பதற்கு முன் இதைப் படித்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். அப்படி ஒருவருக்கு நாங்கள் 300 ரிங்கிட் முன்பணம் கொடுத்தோம். கார் ஜாக்கிலிருந்து சரிந்து விழுந்தது. விழுந்ததால் உண்டான சேதத்துக்கும் எங்களிடமே அவர் பணம் கேட்டார். புகார் பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போயிருப்பதால் அவருடைய பெயரை இங்கே எழுதவில்லை.

எங்களுடையது புரோட்டோன் சாகா. வளைவில் திருப்பும்போதெல்லாம் முன்சக்கரப் பக்கம் ‘டக் டக்’ என்று சத்தம் வந்ததால் இயந்திரத்தின் சுழற்சியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் டிரைவ் ஷாஃப்டை மாற்ற வேண்டும் என்று முடிவானது. தேவையான கருவிகள் அனைத்தையும் தாமே கொண்டுவருவதாக விளம்பரத்தில் எழுதியிருந்தவர், உதவிக்கு ஒரு பையனையும் ஒரு கருவிப் பெட்டியையும் மட்டும் அழைத்துக்கொண்டு வந்து, எங்கள் காரின் பின்பெட்டியில் கிடந்த கத்தரி ஜாக்கையே எடுத்துத் தரும்படி கேட்டார். முந்தைய இரவு நல்ல மழை. கோயிலுக்கு முன்னால் சிமெண்டுத் தளம் இருக்கிறது, காரை அங்கே தள்ளிக்கொண்டு போய்விடலாம் என்று என் மைத்துனர் சொன்னதற்கு, “சின்ன வேலைதாண்ணே, இங்கயே முடிச்சிடலாம், நான் பார்க்காத மண்ணா?” என்று பதில் வந்தது.

அவர் பார்க்காத மண் என்றுதான் இப்போது எனக்குத் தோன்றுகிறது. பெர்ணம் ஆற்றை ஒட்டிய எங்கள் பகுதி முழுவதும் கரையோரக் களிமண். மேலே வெயிலில் காய்ந்து இறுகினாற்போல் தெரிந்தாலும், மழைக்குப் பின் உள்ளே ஊறி இளகிக் கிடக்கும். தெலுக் இந்தானில் 1885-இல் எழுப்பிய கோபுரம் சாய்ந்து நிற்பதற்கும் இளகிய நிலமே காரணம் என்பது இங்குள்ள பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும்.

கணக்கைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். சாகாவின் எடை 1,000 கிலோவுக்குச் சற்று மேல். இயந்திரம் முன்னால் இருப்பதால் முன்பக்கத்தின் ஒரு மூலையைத் தூக்கும்போது ஏறத்தாழ 300 கிலோ ஜாக்கின்மீது இறங்குகிறது என்று கொள்ளலாம். கத்தரி ஜாக்கின் அடித்தகடு 15 செ.மீ.க்கு 10 செ.மீ. இருந்தால், ஒவ்வொரு சதுர செ.மீ. மண்ணும் 2 கிலோவைத் தாங்க வேண்டும். இளகிய களிமண்ணுக்கு முக்கால் கிலோவுக்கும் குறைவாகவே அனுமதிப்பது கட்டுமானப் பொறியியலில் வழக்கம். அதே ஜாக்கை 40 செ.மீ. சதுரமுள்ள, வளையாத கனத்த பலகையின் நடுவில் வைத்தால் அந்தச் சுமை 0.2 கிலோவுக்கும் கீழே இறங்கிவிடும். மெல்லிய பலகை இதற்கு உதவாது. அது ஜாக்குக்கு நேர் கீழே குழிந்து சுமையைப் பரப்பாமலே விட்டுவிடும்.

எங்கள் போமன் பலகை எதையும் தேடவில்லை. வேலியோரம் கிடந்த, உள்ளே துளையுள்ள சிமெண்டுக் கல் ஒன்றைப் படுக்கவைத்து அதன்மேல் ஜாக்கை நிறுத்தினார். அத்தகைய கல் சுவரில் வரிசையாக நின்று சுமை தாங்கும். ஒரு புள்ளியில் அழுத்தினால் முன்னறிவிப்பு எதுவும் தராமல் உடைந்துவிடும். சக்கரத்தைக் கழற்றிய பின்னும் தூக்கிய காரைத் தாங்கி நிற்கும் ஜாக் ஸ்டேண்டைக் கீழே வைக்கவில்லை, பின்சக்கரங்களுக்கு அடை கொடுக்கவில்லை. ஆட்டோ கியர் ‘பி’யில், அதாவது காரை நிறுத்திவைக்கும் நிலையில் இருக்கிறது, அசையாது என்றார். முன்சக்கரங்களால் ஓடும் காரில் ஒரு முன்சக்கரம் தரையை விட்டு எழும்பிவிட்டால், தொங்கும் சக்கரம் எதிர்ப்பக்கம் சுழன்று மற்ற சக்கரத்தை உருளவிட்டுவிடும் என்பதால், அந்த நேரத்தில் ‘பி’யை நம்ப முடியாது, பின்சக்கரங்களைப் பிடிக்கும் கைப்பிரேக்கும் அடைக்கட்டையும்தான் காரை நிறுத்திவைக்கும். பின்சக்கரங்கள் இரண்டையும் தூக்கும்போதோ அந்தக் கைப்பிரேக்காலும் பயனில்லை.

அடுத்து அவர் செய்ததுதான் மிக மோசம். டிரைவ் ஷாஃப்டின் நுனியில் உள்ள பெரிய நட்டு மிகவும் இறுக்கமாக முடுக்கப்பட்டிருக்கும். கார் நான்கு சக்கரங்களிலும் தரையில் நிற்கும்போதே அதைத் தளர்த்திவிட்டு, பிறகுதான் தூக்க வேண்டும். இவர் தூக்கிய பின் ஸ்பேனரில் நீளமான இரும்புக் குழாயைச் சொருகி, தம் முழு எடையையும் அதன்மீது போட்டார். இரண்டாவது உந்தலில் கல் ஒருபக்கமாக மண்ணில் இறங்கியது, ஜாக் சாய்ந்தது, கார் பிரேக் தட்டின்மீது விழுந்தது. பையன் சற்று முன்புதான் காரின் அடியிலிருந்து கையை எடுத்திருந்தான். இந்தப் பதிவில் பணத்தைவிட எனக்குப் பெரிதாகப் படுவது அதுதான்.

தட்டு வளைந்தது, வாசல்படிக்குக் கீழுள்ள தகட்டு விளிம்பு நசுங்கியது. காரை இழுத்துப் போகும் லாரிக்கூலி, புதிய தட்டு, தகட்டு வேலை எல்லாவற்றையும் சேர்த்து அவர் 1,150 ரிங்கிட் கேட்டார். அது என் தலையில் எப்படி விழும் என்று கேட்டதற்கு, “தரை உங்க தரைதானேண்ணே, நான் என்ன செய்ய முடியும்?” என்றார். ரசீதும் தரவில்லை, முன்பணமும் திரும்பவில்லை.

தரையைப் பார்த்து, அதற்கேற்ற ஏற்பாட்டைச் செய்வது கூலி வாங்குபவரின் தொழில். 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 53-ஆவது பிரிவு, எந்தச் சேவையும் நியாயமான கவனத்தோடும் திறமையோடும் செய்யப்படும் என்ற உத்தரவாதம் அதனோடு சேர்ந்தே வருவதாகக் கொள்கிறது. தீர்ப்பாயத்தில் 5 ரிங்கிட் கட்டி 50,000 ரிங்கிட் வரை கோரலாம், வழக்கறிஞர் தேவையில்லை.

வருபவரிடம் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே, எத்தனை ஜாக் ஸ்டேண்டு கொண்டுவருவார், அவற்றின் கால்களுக்கு அடியில் எதை விரிப்பார் என்று வாட்ஸ்அப்பில் எழுதிக் கேளுங்கள், பதிலையும் அழிக்காமல் வைத்திருங்கள். ஸ்டேண்டின் குறுகிய கால்கள் ஈரமண்ணில் ஜாக்கைவிட விரைவாகப் புதையும் என்பதால், கேள்வியின் இரண்டாம் பாதியை விட்டுவிடாதீர்கள். சக்கரமுள்ள தள்ளு ஜாக் கொண்டுவருகிறேன் என்றாலும் இதையே கேட்க வேண்டும். காரைத் தூக்கத் தூக்க அந்த ஜாக் தானே சற்று உருண்டு நகர வேண்டும், மண்ணில் சக்கரம் புதைந்தால் அது நகராமல் காரை இழுக்கும், அல்லது காரைவிட்டு நழுவும். சிமெண்டுத் தளத்துக்குத் தள்ள மறுப்பவரைத் திருப்பி அனுப்புவதில் தயங்க வேண்டாம்.

ஏற்கெனவே விழுந்துவிட்டது என்றால், காரை மறுபடி தூக்க விடுவதற்கு முன் புதைந்த கல்லையும் சாய்ந்த ஜாக்கையும் பக்கத்தில் அளவு நாடா வைத்துப் படமெடுத்துவிடுங்கள். எங்கள் புகாரோடு நாங்கள் இணைத்திருக்கும் வலுவான சான்று என் மைத்துனர் எடுத்த அந்தப் படம்தான். அடுத்த நிமிடமே போமன் அந்தக் குழியில் மண்ணைத் தள்ளி மிதித்து மூடிவிட்டார்.