மிளகாய்க் கொழுந்து சுருண்டால் யாரைச் சந்தேகிப்பது? சிலந்தி, பேன், வைரஸ், சத்துக் குறை

வீட்டில் வளர்க்கும் மிளகாய்ச் செடியில் கொழுந்து சுருண்டதும் பெரும்பாலானோர் செய்வது இரண்டில் ஒன்று. "கால்சியம் குறைச்சல்" என்று உரத்தைக் கொட்டுவார்கள், அல்லது "வைரஸ் வந்துவிட்டது" என்று செடியைப் பிடுங்கி எறிவார்கள். நான் இரண்டையும் செய்திருக்கிறேன். பிடுங்கிப் போட்ட ஒரு செடியின் நுனியைப் பிறகுதான் லென்ஸ் வைத்துப் பார்த்தேன், வெறும் சிலந்தி. வலை பின்னும் சிலந்தி அல்ல, சாறு உறிஞ்சும் நுண்ணிய செடிச்சிலந்தி (mite). காப்பாற்றியிருக்கக்கூடிய செடி அது. இன்றும் மனது கேட்கவில்லை.

அதனால் முதல் சந்தேகம் எப்போதும் இந்தச் சிலந்தி மேலும், இலைச்சாறு உறிஞ்சும் பூச்சியான இலைப்பேன் (thrips) மேலும்தான் இருக்க வேண்டும் என்பது என் கட்சி. மற்றவற்றை அதற்கப்புறம் பார்க்கலாம்.

சிலந்தியா, பேனா?

இலை எந்தப் பக்கம் சுருள்கிறது என்று பாருங்கள். ஓரங்கள் மேல்நோக்கி மடிந்து இலை படகு போலக் குழிந்தால் இலைப்பேன். ஓரங்கள் கீழ்நோக்கி மடிந்து, கவிழ்த்து வைத்த கிண்ணம் போல ஆனால் மஞ்சள் சிலந்தி. இந்தக் கணக்கு பெரும்பாலும் சரியாக இருக்கும், ஆனால் இரண்டும் ஒரே செடியில் இருந்தால் குழப்பிவிடும்.

அப்போது காம்பைப் பாருங்கள். சிலந்தி தாக்கிய செடியில் இலை சிறுத்து, காம்பு மட்டும் எலிவால் மாதிரி நீண்டு நிற்கும். இலையின் அடிப்புறம் தடித்து, பழுப்பும் பளபளப்புமாக வெண்கல நிறம் ஏறியிருக்கும். முற்றினால் நுனிக்குருத்தே கருகி நின்றுவிடும். பூ உதிரும், காய்த்தோல் சொரசொரப்பாகிவிடும். பேன் தாக்கிய இலையிலோ வெள்ளி பூசியது போன்ற கீறல்கள் தெரியும்.

பேனைக் கண்டுபிடிப்பது சுலபம். வெள்ளைத் தாளைப் பிடித்துக்கொண்டு கொழுந்தைத் தட்டினால் ஒரு மில்லிமீட்டருக்கும் உட்பட்ட மெல்லிய கோடுகள் தாளில் விழுந்து ஓடும். சிலந்தி அப்படிச் சிக்காது. வளர்ந்த பெண் சிலந்தியே சுமார் 0.2 மில்லிமீட்டர்தான், வெறும் கண்ணுக்கு அநேகமாகத் தெரியாது. வலையும் பின்னாது. நுனியிலிருந்து ஓர் இளம் இலையைக் கிள்ளி, அடிப்புறம், நடு நரம்பை ஒட்டிய பள்ளத்தில் 40 மடங்கு பெரிதாக்கும் லென்ஸை வையுங்கள். தேன் நிறத்தில் கண்ணாடித் துளிகள் நகரும். பக்கத்திலேயே முட்டைகள்: நீள்வட்டமாக, ஒளி ஊடுருவுகிற மாதிரி, மேலே வரிசை வரிசையாக வெள்ளைப் புள்ளிகள் வைத்தது போல இருக்கும். ஒருமுறை அந்த முட்டையைப் பார்த்துவிட்டால் அப்புறம் சந்தேகமே வராது.

சரி, ஏன் இவ்வளவு துல்லியமாகப் பிரிக்க வேண்டும்? மருந்து வேறு என்பதால்தான். சிலந்தி பூச்சி இனமே அல்ல. பூச்சிக்கென்று வைத்திருக்கும் பல மருந்துகள் அதை ஒன்றும் செய்யாது. தண்ணீரில் கலந்து தெளிக்கும் நனையும் கந்தகத்தூள் சிலந்திக்கு நன்றாகக் கேட்கும். ஆனால் வேப்ப எண்ணெய் போன்ற எண்ணெய் எதையாவது தெளித்திருந்தால் இரண்டு வாரம் பொறுத்துத்தான் கந்தகம் அடிக்க வேண்டும், கடும் வெயிலிலும் கூடாது. மீறினால் இலை பொசுங்கிவிடும். பேனுக்கு இலையை மட்டும் நனைத்தால் போதாது. அது கூட்டுப்புழுவாவது மண்ணிலும் சருகிலும் என்பதால், செடியடியைச் சுத்தமாக வைக்காவிட்டால் மறுபடி ஏறிவிடும்.

வைரஸ் என்று எப்போது சொல்லலாம்?

இலைச்சுருள் வைரஸை வெள்ளை ஈ பரப்புகிறது. இலை சுருள்வதோடு நரம்புகள் தடித்து, நரம்பிடை வெளுத்து, கணுக்கள் நெருங்கி, செடியே கொத்துக் கொத்தாகக் குறுகி நிற்கும். இதற்கு மருந்து கிடையாது. இன்னொரு சிக்கல்: அதே வெள்ளை ஈயின் காலைப் பிடித்துக்கொண்டு சிலந்தியும் செடி விட்டுச் செடி பயணம் போகும். ஈ இருக்கிறது, ஆகவே வைரஸ் என்று முடிவு கட்டிவிட முடியாது.

கால்சியம்

இதை நான் பின்வரிசையில்தான் வைப்பேன். புது இலை கசங்கி நுனி கருகுவது உண்டு. கூடவே காயின் அடிமுனையும் அழுகினால் சந்தேகம் வலுக்கும். அப்போதும் பல நேரம் மண்ணில் சத்து இருக்கும். ஒருநாள் காயவிட்டு ஒருநாள் வெள்ளமாக ஊற்றுவதால் அது நுனிக்குப் போய்ச் சேராது. உரத்துக்கு முன்னால் தண்ணீரைச் சீராக்குங்கள். மத்தியான வெயிலில் மடிந்து மாலையில் விரியும் இலைக்குப் பெரும்பாலும் எந்த நோயும் இல்லை.

களைக்கொல்லி

மிளகாயோடு தக்காளியும் அவரையும் ஒரே சமயத்தில் முறுக்கிக்கொண்டு, இலைகள் நாடா போல ஒடுங்கினால் காற்றில் வந்த களைக்கொல்லியை நினையுங்கள். மாட்டெருவிலும் வரும்: மருந்தடித்த புல்லைத் தின்ற மாட்டின் சாணத்தில் சில களைக்கொல்லிகள் மாதக்கணக்கில் தங்கும். சந்தேகமான எருவில் நாலு அவரை விதை போட்டுப் பார்த்தால் முளைத்து வரும் இலையே சொல்லிவிடும்.

இவ்வளவு பார்த்தும் சிலந்தியா வைரஸா என்று தீரவில்லை என்றால், மற்றச் செடிகளிலிருந்து அதைத் தள்ளி வைத்து, சிலந்திக்கே முதலில் மருந்தடியுங்கள். அடிக்கும் அன்று நுனிக்குக் கீழே ஒரு நூல் கட்டிவிடுங்கள். ஏற்கெனவே சுருண்ட இலை எந்தக் காலத்திலும் நிமிராது; சிலந்தி செத்த பிறகும் சில வாரம் இலைகள் கோணலாக வரலாம். ஒரு வாரத்தில் இன்னொரு தடவை தெளித்துவிட்டு, மூன்று நான்கு வாரம் பொறுங்கள். நூலுக்கு மேலே தட்டையான இலை வந்தால் செடி பிழைத்தது. லென்ஸில் ஒரு சிலந்திகூட இல்லாமல், அங்கேயும் மஞ்சளும் சுருளுமாகவே வந்தால், அப்போது பிடுங்குங்கள்.