நட்சத்திரத்தின் பெயரால் விற்கப்பட்ட கார்: பழைய மெர்சிடிஸ் வாங்க நினைப்போர் கவனத்துக்கு

ஜேர்மனியில் வாழும் எம்மவர்களில் பலருக்கு, கையில் கொஞ்சம் பணம் சேர்ந்ததும் பழைய மெர்சிடிஸ் பென்ஸ் ஒன்றை வாங்கி வைத்திருக்க வேண்டும் என்ற ஆசை உண்டு. எனக்கும் இருந்தது. 2022ஆம் ஆண்டு வசந்தகாலத்தில், பழைய கார்களை மட்டுமே விற்கும் ஒரு வியாபாரியிடம் 13,800 யூரோ கொடுத்து, 1982இல் செய்யப்பட்ட 240 டி டீசல் கார் ஒன்றை வாங்கி ஏமாந்தேன். அந்த மனிதர் மெர்சிடிஸ் நிறுவனத்தைப் பற்றி என்னிடம் சொன்னவை அனைத்தும் உண்மை என்பதைப் பின்னர் தேடிப் படித்து உறுதி செய்துகொண்டேன். விற்ற காரைப் பற்றி அவர் சொன்னவற்றில் ஏறக்குறைய எதுவுமே உண்மையில்லை. இந்தப் பதிவை எழுதுவதற்குக் காரணம் அதுதான்.

காரை வாங்கியது அப்பாவின் எழுபதாவது பிறந்தநாளுக்காக. 1984இல் கிழக்கு பெர்லின் வழியாக இந்த நாட்டுக்கு வந்து சேர்ந்த அப்பா, வேலை அனுமதி கிடைத்த பிறகு சில ஆண்டுகள் இரவில் ரக்சி ஓட்டினார். அவர் ஓட்டியதும் இதே 240 டி தான். ஜேர்மன் ரக்சிகளுக்கென்று 1971இல் விதிக்கப்பட்ட வெளிர் தந்த நிறம், ஏறி அமர்ந்ததும் காலுக்குக் கீழே அதிரும் டீசல் இயந்திரம், குளிர்காலக் காலைகளில் அது சூடாகும்வரை காத்திருந்த நிமிடங்கள் எல்லாவற்றையும் அவர் எத்தனையோ தடவை எங்களுக்குச் சொல்லியிருக்கிறார்.

வியாபாரியின் கொட்டகையில் அந்தக் கார் கருநீல நிறத்தில் பளபளத்துக்கொண்டு நின்றது. கிலோமீற்றர் காட்டி 138,000 என்றது. அதன் ஒரே உரிமையாளர் ஒரு கிராமத்து வைத்தியர் என்றும், நோயாளிகளைப் பார்க்கப் போவதற்கு மட்டுமே அவர் அதை எடுத்தார் என்றும், அவர் இறந்த பின் குடும்பத்தினர் விற்கத் தந்திருக்கிறார்கள் என்றும் வியாபாரி சொன்னார். அதன் பிறகு அவர் காரைப் பற்றிப் பேசவே இல்லை. நிறுவனத்தின் வரலாற்றைச் சொல்லத் தொடங்கிவிட்டார்.

அவர் நன்றாகவே சொன்னார். 1886 ஜனவரி 29இல் கார்ல் பென்ஸ் தமது மூன்று சக்கர மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்ததையும், 1888 ஆகஸ்டில் அவருடைய மனைவி பெர்த்தா இரண்டு மகன்களையும் ஏற்றிக்கொண்டு மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் வரை அந்த வண்டியில் போய், வழியில் வீஸ்லோக் ஊர் மருந்துக்கடையில் எரிபொருள் வாங்கியதையும் அவர் விவரித்த விதத்தில் நான் நின்ற இடத்தையே மறந்துவிட்டேன். எமில் யெல்லினெக் என்ற வியாபாரியின் மகளுடைய பெயர்தான் மெர்சிடிஸ் என்பது, மூன்று முனை நட்சத்திரம் 1909இல் பதிவு செய்யப்பட்டது, டைம்லர் நிறுவனமும் பென்ஸ் நிறுவனமும் 1926இல் ஒன்றானது என்று வரிசையாக வந்தன. மோதலின் வேகத்தைத் தன்மேல் வாங்கிக்கொண்டு நசுங்கி உள்ளே இருப்பவரைக் காக்கும் உடற்பகுதியைச் சிந்தித்தவர் பேலா பாரெனி என்ற பொறியியலாளர் என்பதையும், 1959இல் அது மெர்சிடிஸ் கார்களில் நடைமுறைக்கு வந்ததையும் அவர்தான் எனக்கு முதலில் சொன்னார்.

ஒன்றை மட்டும் அவர் சொல்லவில்லை. 1944இல் டைம்லர் பென்ஸ் தொழிற்சாலைகளில் வேலை செய்த அறுபதாயிரத்துக்கு மேற்பட்டோரில் ஏறக்குறையப் பாதிப்பேர், வேறு நாடுகளிலிருந்து கட்டாய உழைப்புக்குக் கொண்டுவரப்பட்டவர்களும் போர்க்கைதிகளும் வதைமுகாம் கைதிகளும் ஆவர். நிறுவனமே இன்று ஒப்புக்கொள்ளும் வரலாறு இது. கார் விற்பவர் இதைச் சொல்லாததில் வியப்பில்லை. ஆனால் ஒரு நிறுவனத்தின் கதையில் எதைச் சொல்வது, எதை விடுவது என்று இவ்வளவு தெளிவாகத் தெரிந்து வைத்திருந்தவர், தாம் விற்கும் காரின் கதையிலும் அதையேதான் செய்வார் என்று எனக்கு அன்று தோன்றவில்லை.

கடைசியாக அவர் அந்தக் கிரேக்க ரக்சிக்காரரின் கதையை எடுத்தார். கிரெகோரியோஸ் சகினிடிஸ் என்பவர் 1976ஆம் ஆண்டின் 240 டி ஒன்றை 46 இலட்சம் கிலோமீற்றர் ஓட்டி, 2004இல் நிறுவனத்திடமே ஒப்படைத்தார். உண்மைதான். அது எனது காருக்கு முந்தைய வரிசையைச் சேர்ந்தது என்பதும், அந்த ஓட்டத்துக்கிடையில் அவர் இயந்திரத்தைப் பலமுறை மாற்றினார் என்பதும் பிறகுதான் எனக்குத் தெரியவந்தன. "46 இலட்சம் ஓடுகிற காருக்கு 138,000 என்பது குழந்தைப் பருவம்" என்று சொல்லி வியாபாரி ஒப்பந்தப் பத்திரத்தை என்முன் வைத்தார். நான் கையெழுத்திட்டேன்.

இந்தப் புகழ் வெறும் விளம்பரத்தால் வந்ததன்று. எனது கார் சேர்ந்த, 123 என்று எண்ணிடப்பட்ட வரிசை 1976இல் வெளிவந்தது. பத்து ஆண்டுகளில் ஏறக்குறைய 27 இலட்சம் கார்கள் செய்யப்பட்டன. எனது 240 டி வெறும் 72 குதிரைவலு உடையது. மேட்டில் ஏறும்போது பின்னால் வருபவர்கள் பொறுமை இழப்பார்கள். ஆனாலும் அந்த இயந்திரம் எளிமையானது, பழுதைக் கேட்டே கண்டுபிடிக்கக்கூடியது, ஒழுங்காக எண்ணெய் மாற்றினால் பல இலட்சம் கிலோமீற்றர் தாங்குவது. ரக்சிக்காரர்கள் அதை விரும்பியதும் அதனால்தான். 123 வரிசை டீசல் கார் ஒன்று உங்கள்முன் விற்பனைக்கு நின்றால், அது ஒரு காலத்தில் ரக்சியாக ஓடியிருக்கக்கூடும் என்ற எண்ணத்துடனேயே பார்க்கத் தொடங்குங்கள்.

பிறந்தநாளன்று காரைக் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூசை செய்வித்தோம். ஐயர் காருக்குள், கருவிப் பலகையிலுள்ள முன்பெட்டியின் மூடியில் சந்தனப் பொட்டு வைத்தார். அப்பா சாரதி இருக்கையில் அமர்ந்து, கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் ஸ்டியரிங்கைத் தடவிப் பார்த்தார். அதன் மேற்பகுதி கண்ணாடி போல் மழுங்கியிருந்தது. காலடியில் இருந்த மிதிகளின் இறப்பரோ புத்தம் புதியது. இருக்கையின் கம்பிச்சுருள்கள் தளர்ந்து அவரை ஒரு பக்கமாகச் சாய்த்தன. பிறகு கருவிப் பலகைக்கு அடியில் கையை விட்டுத் துழாவினார். என் விரலையும் பிடித்து அங்கே கொண்டுபோய் வைத்தார். ஒரு சாணுக்குள் இரண்டு திருகாணித் துளைகள் இருந்தன. மெழுகு போன்ற எதையோ இட்டு நிரப்பியிருந்தார்கள்.

"தம்பி, இது மீற்றர் பூட்டின இடம். இது ரக்சி ஓடின கார்," என்றார் அப்பா.

அடுத்த நாள் ஒரு நண்பருடைய கராஜில் தரைவிரிப்பைக் கழற்றினோம். கதவுப் படிக்கு உட்புறத்தில், கருநீலம் எட்டாத மூலைகளில், பால் போன்ற வெளிர் தந்த நிறம் அப்படியே இருந்தது. கூரைத் துணியின் ஓரத்தை விலக்கியபோது, ரக்சிப் பலகைக்கு மின்கம்பி சென்ற துளையை ஒட்டு வைத்து அடைத்த தழும்பு தெரிந்தது. இவ்வளவு சிரமமே பட்டிருக்க வேண்டியதில்லை. முன்மூடியைத் திறந்தால், ரேடியேட்டருக்கு மேலே செல்லும் குறுக்குத் தகட்டில் ஆணி அடித்துப் பொருத்திய சிறு தகடு ஒன்று உண்டு. தொழிற்சாலையில் பூசிய நிறத்தின் எண் அதில் அடிக்கப்பட்டிருக்கும். எனது காரில் 623 என்று இருந்தது. 623 வெளிர் தந்த நிறத்துக்குரிய எண். வாங்கிய அன்று அந்தத் தகட்டுக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றுதான் நான் பெர்த்தா பென்ஸின் கதையைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

கிலோமீற்றர் கணக்கும் அதே நாளில் வெளிப்பட்டது. காற்று வடிகட்டிக்குப் பின்னால், எண்ணெய் மாற்றும் கராஜ்காரர்கள் கட்டிவிடும் அட்டை ஒன்று கறுத்துப்போய்த் தொங்கியது. துடைத்துப் பார்த்தால் 1991, 386,000 கிலோமீற்றர் என்று பேனையால் எழுதியிருந்தது. அடிப்பகுதியில் புதிதாகப் பூசியிருந்த தடித்த கறுப்புத் தார்ப்பூச்சை நண்பர் திருகாணி முடுக்கியால் குத்தினார். ஜாக்கி வைக்கும் இடம் இரண்டிலும் அது தடையின்றி உள்ளே போனது. பூச்சுக்குள் இருந்தது கறள் மட்டுமே. நாற்பது ஆண்டுப் பழைய காரில் கறள் இருப்பது இயல்பு. விற்பதற்கு முன் அதன்மேல் பூசி மறைத்ததுதான் மோசடி.

நான் எங்கே தவறினேன் என்பதையும் சொல்ல வேண்டும். காரில் ‘ஹா’ (H) எழுத்துடன் கூடிய இலக்கத்தகடு இருந்தது. முப்பது வயது கடந்து, பழைய தோற்றத்திலேயே பேணப்படும் வாகனங்களுக்குத் தரப்படுவது அது. ஆண்டு வரி 191 யூரோ 73 சதம் மட்டுமே, புகை கூடிய வாகனங்களைத் தடுக்கும் நகரச் சூழல் வலயங்களுக்குள் அதற்குரிய ஸ்டிக்கர் இல்லாமலே போகலாம். அந்தத் தகட்டைக் கண்டதும், அரசு அங்கீகாரம் பெற்ற பரிசோதகர் பார்த்த கார்தானே என்று நம்பிவிட்டேன். பரிசோதகர் பார்ப்பது அன்றைய நிலையையும், உதிரிப்பாகங்கள் அந்தக் காலத்துக்கு உரியனவா என்பதையுந்தான். கார் எத்தனை கிலோமீற்றர் ஓடியது, யாரிடம் ஓடியது என்பவற்றுக்கு அந்த எழுத்து சாட்சியன்று.

இரண்டாவது தவறு இதைவிடப் பெரியது. ஒப்பந்தப் பத்திரத்தில் விற்பவர் என்ற இடத்தில் வியாபாரியின் பெயர் இருக்கவில்லை. நான் ஒருபோதும் சந்திக்காத ஒரு தனிமனிதரின் பெயர் இருந்தது. வாடிக்கையாளர் சார்பில் விற்பனை என்று சிறிய எழுத்தில் போட்டிருந்தார்கள். இந்த நாட்டுச் சட்டப்படி, வியாபாரி ஒருவர் சாதாரண நுகர்வோருக்குப் பழைய கார் விற்றால், குறைபாடுகளுக்கான பொறுப்பை முற்றாகக் கைகழுவ முடியாது. ஓராண்டாகக் குறைக்கலாம், அவ்வளவுதான். தனிமனிதர் தனிமனிதருக்கு விற்றால் "பார்த்தபடி வாங்கியது" என்று எழுதிப் பொறுப்பை நீக்கிவிடலாம். தரகர் வேடம் போடும் வியாபாரிகள் நுழைவது இந்த இடைவெளியில்தான். உங்கள் பணத்தை வாங்கும் கையும் பத்திரத்திலுள்ள பெயரும் வேறு வேறாக இருந்தால், அந்தப் பெயருக்குரியவரை நேரில் காணாமல் கையெழுத்திடாதீர்கள்.

சட்டத்தரணியிடம் போனேன். வேண்டுமென்றே மறைத்து ஏமாற்றியிருந்தால், பொறுப்பை நீக்கும் எந்த வாசகமும் விற்றவரைக் காக்காது என்றும், குடியியல் சட்டக்கோவையின் 123ஆம் பிரிவின்படி, ஏமாற்றைக் கண்டறிந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் ஒப்பந்தத்தை முறிக்கலாம் என்றும் அவர் விளக்கினார். கார் முன்பு ரக்சியாக ஓடியிருந்தால் விற்பவர் அதைத் தாமாகவே சொல்லியாக வேண்டும் என்பது நீதிமன்றங்களின் நிலைப்பாடு. கிலோமீற்றர் காட்டியைத் திருத்துவது 2005 முதல் சிறைத்தண்டனை வரை போகக்கூடிய குற்றம். எல்லாம் எனக்குச் சாதகமாகவே இருந்தன. ஆனால் எண்ணைத் திருத்தியவர் அந்த வியாபாரிதான் என்று என்னால் நிரூபிக்க முடியவில்லை. 1991க்கும் 2022க்கும் இடையில் யாரும் திருத்தியிருக்கலாம் என்று அவர் தரப்பு வாதிட்டது. பத்திரத்தில் பெயர் இருந்த மனிதருக்கு அனுப்பிய பதிவுத்தபால் திரும்பி வந்தது.

எட்டு மாதம் இழுபட்ட பிறகு, காரைத் திருப்பிக் கொடுத்து 10,500 யூரோ பெற்றுக்கொள்ளச் சம்மதித்தேன். 3,300 யூரோவும் சட்டத்தரணியின் கட்டணமும் போயிற்று. வழக்குக்குப் போயிருக்க வேண்டும் என்று சொல்பவர்கள் உண்டு. சட்டச் செலவுக் காப்புறுதி இல்லாத எனக்கு அந்தத் துணிவு வரவில்லை. சாவியைக் கொடுக்கப் போன அன்று அப்பாவும் கூட வந்தார். வீதியில் திரும்பி நடக்கும்போது, "ரக்சி எண்டு உண்மையைச் சொல்லியிருந்தா, அதுக்காகவே சந்தோசமா வாங்கியிருப்பம், என்ன?" என்று மட்டும் கேட்டார். அந்த வியாபாரிமேல் எனக்கு இன்றுவரை ஆறாமல் இருக்கும் கோபம் அந்தக் கேள்வியிலிருந்து வந்தது.

இதோடு முடிந்திருந்தால் இந்தப் பதிவை எழுதியிருக்க மாட்டேன். காரைத் திருப்பிக் கொடுத்து மூன்று மாதம் கழித்து, வேறொரு மாநிலத்திலிருந்து வந்த விளம்பரத்தில் அதே கருநீல 240 டியைக் கண்டேன். இம்முறை வைத்தியர் இல்லை. ஓய்வுபெற்ற நீதிபதியின் மனைவி. கிலோமீற்றர் 124,000. உட்புறத்தைக் காட்டும் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது, முன்பெட்டி மூடியில், துடைத்தும் முழுமையாகப் போகாத மஞ்சள் வட்டம் தெரிந்தது. அப்பாவின் பிறந்தநாளன்று ஐயர் வைத்த சந்தனம் அது. எண்ணெய் அட்டையின் படத்தையும், நான் வாங்கியபோது எடுத்த கிலோமீற்றர் காட்டியின் படத்தையும் கொண்டுபோய்ப் பொலிசில் முறைப்பாடு கொடுத்தேன். சில நாட்களில் விளம்பரம் மறைந்தது. விற்றுவிட்டார்களா, ஒளித்து வைத்திருக்கிறார்களா என்று எனக்குத் தெரியாது.

ஆகவே, 1982ஆம் ஆண்டின் கருநீல 240 டி ஒன்றை யாராவது உங்களுக்குக் காட்டினால், முதலில் முன்மூடியைத் திறக்கச் சொல்லி ரேடியேட்டருக்கு மேலுள்ள தகட்டில் 623 இருக்கிறதா என்று பாருங்கள். சாரதிப் பக்கத் தரைவிரிப்பைக் கொஞ்சம் தூக்குங்கள். கருவிப் பலகைக்கு அடியில் விரலை விட்டால் இரண்டு துளைகள் தட்டுப்படும். எண்ணெய் அட்டையை நான் எடுத்துக்கொண்டேன். அது கட்டியிருந்த மெல்லிய செப்புக் கம்பி மட்டும் காற்று வடிகட்டிக்குப் பின்னால் இன்னும் இருக்கும்.