தானியங்கி மாதிரி ரயில் பாதையில் பாயிண்டுகள்: நீண்ட காலப் பயன்பாட்டு அனுபவம்

மதுரை திருநகரில் எங்கள் வீட்டு மாடி அறையில், மதுரை–போடிநாயக்கனூர் பாதையை மனத்தில் கொண்டு அமைத்த எச்.ஓ. அளவு (உண்மையான ரயிலில் 87-இல் ஒரு பங்கு) மாதிரி ரயில் பாதை, சில ஆண்டுகளாக ஜெ.எம்.ஆர்.ஐ. மென்பொருளின் கட்டுப்பாட்டில் ஆள் துணையின்றி இயங்கி வருகிறது. இத்தனை காலத்தில் பெட்டிகள் தடம் புரண்ட இடங்களைக் கணக்கிட்டால், ஏறக்குறைய எல்லாமே பாயிண்டுகள்தாம், அதாவது வண்டியை ஒரு தடத்திலிருந்து மற்றொன்றுக்குத் திருப்பும் அமைப்புகள்தாம். கையால் ஓட்டுபவர், பாயிண்டில் நகர்ந்து வழி மாற்றும் கூர்முனையான நாக்குத் தண்டவாளம் பக்கத் தண்டவாளத்தோடு ஒட்டவில்லை என்பதைக் கண்டதும் வண்டியை நிறுத்திவிடுவார். கணினியோ தான் அனுப்பிய கட்டளை நிறைவேறிவிட்டதாகவே எடுத்துக்கொண்டு வண்டியை விட்டுவிடும். எனவே தானியங்கிப் பாதையில் பாயிண்டு திரும்பியதா என்பதைப் பாயிண்டே சொல்ல வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஆனால் மின்னணுக் கருவிகளில் கைவைப்பதற்கு முன் சக்கரங்களை அளந்துவிட வேண்டும். எச்.ஓ. தண்டவாளத்தின் இடைவெளி 16.5 மி.மீ.; ஓர் அச்சின் இரு சக்கரங்களுக்கும் இடையே உட்பக்க அளவு ஏறத்தாழ 14.4 மி.மீ. இருக்க வேண்டும். இந்த அளவு கூடினால், செக் ரயில் (சக்கரத்தை உட்பக்கமாகப் பிடித்து வழிநடத்தும் துணைத் தண்டவாளம்) ஒரு சக்கரத்தைப் பிடித்து இழுத்தாலும் எதிர்ப்பக்கச் சக்கரத்தின் விளிம்பு தண்டவாளங்கள் ஒன்றையொன்று வெட்டும் கிராசிங்கின் கூர்மூக்கில் மோதித் தவறான பக்கம் நுழையும். குறைந்தால் விளிம்பு செக் ரயிலின் மேலேயே ஏறிவிடும். புதிதாக வாங்கிய பெட்டிகளிலும் இந்த அளவு பிசகியிருப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். அமெரிக்க மாதிரி ரயில் சங்கமான என்.எம்.ஆர்.ஏ. வெளியிடும் உலோக அளவுத் தகடு ஒன்று கையில் இருந்தால், சக்கரம், தண்டவாளம், செக் ரயில் இடைவெளி மூன்றையும் அதைக் கொண்டே சரிபார்க்கலாம். இந்தப் பாதைக்காக நான் செலவிட்ட பணத்தில் அதிகப் பயன் தந்தது அந்தத் தகடுதான்.

நாக்குத் தண்டவாளங்களைத் திருப்புவதற்குச் சிறிய எஸ்.ஜி.90 சர்வோ மோட்டார்களை (சொன்ன கோணத்துக்குத் திரும்பி நிற்பவை) பயன்படுத்துகிறேன். விலை குறைவு, வேகத்தை மெதுவாக்கலாம், உழைப்பும் குறை சொல்லும்படி இல்லை. பாயிண்டின் உள்ளே சுருள்வில் இருந்தால் அது சர்வோவோடு மல்லுக்கு நிற்கும் என்பதால் அதை எடுத்துவிட்டேன். பாயிண்டின் நிலையை அறிவிக்கும் மைக்ரோ சுவிட்சை (லேசாக அழுந்தினாலே இயங்கும் சிறு சுவிட்ச்) பலர் மோட்டாரின் கையோடு இணைக்கிறார்கள். இணைப்புக் கம்பி வளைந்தாலோ கழன்றாலோ மோட்டார் திரும்பிவிடும், நாக்கு அசையாது. சுவிட்ச் மட்டும் எல்லாம் சரியென்று சொல்லும். ஆகவே நாக்குகளை இணைக்கும் பட்டையின் மறுமுனையில், இரு நிலைகளுக்கும் தனித்தனியாக இரண்டு சுவிட்சுகள் வைத்திருக்கிறேன். ஜெ.எம்.ஆர்.ஐ.யில் இரு உணரி முறையைத் தேர்ந்தெடுத்தால், இரண்டும் எதிர்பார்த்தபடி அமையாத பாயிண்டை அது முரண்பட்ட நிலையில் உள்ளதாகக் காட்டும். அந்நிலையில் முன்னுள்ள சிக்னல் சிவப்பிலேயே நிற்குமாறு விதி எழுதிக்கொள்ளலாம். இந்திய ரயில்வேயிலும் நாக்குக்கும் பக்கத் தண்டவாளத்துக்கும் இடையே 5 மி.மீ. தகட்டை வைத்து, அப்போது பாயிண்டு பூட்டிக்கொள்ளக் கூடாது என்று சோதிக்கிறார்கள். நம் அளவில் அது காகிதத் தடிமனுக்கும் குறைவு. மைக்ரோ சுவிட்சால் அவ்வளவு நுட்பமாக உணர முடியாது. அதனால் அவ்வப்போது ஒரு துண்டுக் காகிதத்தை நாக்கின் முனையில் செருகிப் பார்ப்பதை நான் விடவில்லை. காகிதம் இறுகப் பிடிபட்டால் நாக்கு சரியாக அழுந்துகிறது என்று பொருள்.

வண்டி கடந்துகொண்டிருக்கும்போதே அதன் அடியில் பாயிண்டு திரும்பிவிடுவது மற்றொரு பெரிய தொல்லை. மின்னோட்டத்தை வைத்து வண்டியை அறியும் உணரி, இன்ஜினையும் விளக்குள்ள பெட்டியையும் மட்டுமே காணும். சாதாரணப் பெட்டிகள் அதற்குத் தெரியாது. இன்ஜின் அடுத்த பகுதிக்குப் போனதும் பாதை காலியென்று முடிவாகி, நடுப்பெட்டிகளின் கீழே நாக்கு நகரும். கடைசிப் பெட்டியில் மட்டுமல்லாமல், ஒவ்வொரு பெட்டியிலும் ஓர் அச்சிலாவது, உணரி காணும்படி சிறிது மின்னோட்டம் பாய 10 கிலோ ஓம் மின்தடையைப் பொருத்திய பிறகு இந்தத் தொல்லை நின்றது. நேரம் பிடிக்கும் வேலைதான், ஆனால் இதற்குக் குறுக்கு வழி கிடையாது.

மின்வெட்டு வந்து போகும் நம் ஊரில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மின்சாரம் திரும்பும் நொடியில், கட்டுப்பாட்டு அட்டை விழித்துக்கொள்வதற்குள் சர்வோ துள்ளும்; அந்நேரம் பாயிண்டின் மேல் நிற்கும் பெட்டி விழுந்துவிடும். சர்வோக்களுக்குரிய மின்சாரத்தை ஒரு ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) மூலம் சில நொடிகள் தாமதித்துக் கொடுப்பதே இதற்கு எளிய தீர்வு.

சித்திரை, வைகாசியில் மாடி அறையின் வெப்பம் தண்டவாளத்தையும் விடாது. நிக்கல் சில்வர் தண்டவாளம் 4 மீட்டர் நீளத்தில், 15 பாகை வெப்ப வேறுபாட்டுக்கு ஏறத்தாழ 1 மி.மீ. நீளும். இணைப்புகளில் இடம் விடாவிட்டால் அந்த நீட்சி முழுவதும் பாயிண்டை வந்து நெருக்கி, நாக்கின் வாயில் சிறு கோணலை உண்டாக்கும். மார்கழிக் குளிரில் தண்டவாளம் பதிப்பவர் இணைப்பு இடைவெளியைச் சற்றுத் தாராளமாகவே விட வேண்டும்.

தடம் புரளாமல் இருக்கப் பெட்டியின் எடையையும் கவனிக்க வேண்டும்; அது குறித்து என்.எம்.ஆர்.ஏ. பரிந்துரை தெளிவாக உள்ளது: அடிப்படை 1 அவுன்சு, அதோடு நீளத்தின் ஒவ்வோர் அங்குலத்துக்கும் அரை அவுன்சு. இலகுவான பெட்டிகளுக்கு ஈயத் துண்டு ஒட்டினால் போதும்.

ஒரு தடத்திலிருந்து பக்கத்துத் தடத்துக்கு மாறும் இடத்தில் இரு பாயிண்டுகளை நேரடியாக இணைத்தால் எதிரெதிர் வளைவுகள் அடுத்தடுத்து வரும். இந்திய ரயில்வேயின் நவீன வகைப் பயணிகள் பெட்டியான, சுமார் 23.5 மீட்டர் நீளமுள்ள எல்.எச்.பி. பெட்டி எச்.ஓ. அளவில் 27 செ.மீ. ஆகிறது; அடுத்தடுத்த இரு பெட்டிகளின் முனைகள் அங்கே எதிரெதிர்ப் பக்கமாக விலகி, கொக்கிகள் ஒன்றையொன்று பக்கவாட்டில் தள்ளும். இடையே ஒரு பெட்டி நீளத்துக்கு நேர்த் தண்டவாளம் வைக்க என் அறையில் இடமில்லை. ஆகையால் அந்த இடத்தில் வண்டியை இன்ஜின் இழுத்துச் செல்லும் நகர்வுகளை மட்டும் அட்டவணையில் வைத்திருக்கிறேன்; நீண்ட பெட்டிகளைப் பின்னோக்கித் தள்ளும் நகர்வுகளை இன்றும் நானே அருகில் நின்று கையால் செய்கிறேன்.