பிரவுசரிலேயே டெர்மினல்: காக்பிட்டா, வெப்மின்னா?

சர்வரின் சிபியு, மெமரி, டிஸ்க் நிலவரத்தைப் பார்க்கிற பக்கத்திலேயே ஒரு டெர்மினலும் (கட்டளைகளைத் தட்டுகிற திரை) வேண்டும் என்றால் லினக்ஸ்காரர்கள் பலர் முதலில் போய் நிற்பது காக்பிட், வெப்மின் என்ற இந்த இரண்டு சர்வர் நிர்வாகக் கருவிகளிடம்தான். இரண்டையும் வைத்துப் பார்த்துவிட்டு நான் காக்பிட்டோடு நின்றுவிட்டேன்.

நிறுவுவது இரண்டிலுமே சுலபம். காக்பிட் டெபியன், உபுண்டு, ஃபெடோரா ரெப்போக்களிலேயே (மென்பொருள் களஞ்சியங்கள்) இருக்கிறது, 9090 போர்ட்டில் வரும். வெப்மினுக்கு அதன் ரெப்போவைத் தனியே சேர்க்க வேண்டும், போர்ட் 10000. அதே சர்வரில் ப்ரொமீதியஸ் என்ற கண்காணிப்புக் கருவி ஓடினால் ஒன்றைக் கவனியுங்கள், அதுவும் 9090-ஐத்தான் பிடித்துக்கொள்ளும், காக்பிட்டின் சாக்கெட் அமைப்பில் 9091 என்று மாற்றிவிட்டால் சரி.

என்னை முடிவெடுக்க வைத்தது வேறு விஷயம்: டெர்மினல் யார் பெயரில் திறக்கிறது, அந்த ஆள் வேலையை விட்டுப் போனால் எத்தனை கதவை மூட வேண்டும்?

காக்பிட்டுக்கென்று தனி யூசர் பட்டியலே கிடையாது. சர்வரில் உள்ள கணக்கை வைத்து, பாம் (லினக்ஸின் லாகின் சோதனை அமைப்பு) வழியாக லாகின் செய்கிறோம், ஷெல்லும் (டெர்மினலில் கட்டளைகளை ஏற்று நடத்துவது) அந்த யூசராகவே ஓடுகிறது, ரூட் வேலை (முழு அதிகாரம் தேவைப்படுவது) வந்தால் சுடோ கட்டளை, யார் என்ன சுடோ போட்டார் என்பது வழக்கமான லாகிலேயே பதிவாகிறது. ஒருவர் விலகியதும் கணக்கைக் காலாவதியாக்கினால் எஸ்எஸ்எச்சும் (தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் வழி) காக்பிட்டும் சேர்ந்தே மூடும். (பாஸ்வேர்டை மட்டும் பூட்டிவிட்டு விட்டுவிடாதீர்கள், எஸ்எஸ்எச் சாவி வைத்திருப்பவர் அப்போதும் உள்ளே வருவார்.) வெப்மின் அப்படியில்லை. அதன் சர்வர் புரோகிராமே ரூட்டாக ஓடுகிறது, யூசர் பட்டியலும் அதற்கென்று தனியாக இருக்கிறது. அந்த யூசரை சர்வர் கணக்கோடு இணைக்க வழி உண்டு, ஆனால் தனிப் பாஸ்வேர்டு கொடுத்து உருவாக்கியிருந்தால் சர்வர் கணக்கை அழித்த பிறகும் அது அங்கேயே கிடக்கும், யாராவது ஞாபகம் வைத்திருந்து நீக்க வேண்டும். ரூட் ஷெல் கிடைக்கிற இடத்தை ஞாபகத்தை நம்பி விட எனக்கு மனசில்லை. 2019-இல் வெப்மினின் 1.890 முதல் 1.920 வரையிலான வெளியீடுகளில் யாரோ பின்கதவு நுழைத்திருந்தது தெரியவந்தது. 1.930-இல் சரிசெய்துவிட்டார்கள், அதை இன்றைக்கும் குற்றமாகச் சொல்வது நியாயமில்லை. ஆனால் ரூட்டாக ஓடும் ஒன்றில் ஓட்டை விழுந்தால் சர்வரே போகும் என்பதற்கு அது போதும்.

காக்பிட்டிலும் குறை உண்டு. பக்கத்தை ரீலோட் செய்தால் ஷெல் போய்விடும், அதனால் அப்டேட் மாதிரி நீள்கிற வேலைக்கு முன் டீமக்ஸைத் (இணைப்பு அறுந்தாலும் ஷெல்லை ஓடவிடும் கருவி) திறந்துவிடுங்கள். என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வருக்குப் பின்னால் வைத்தால் வெப்சாக்கெட் (பிரவுசரோடு தொடர்ந்து திறந்திருக்கும் இணைப்பு) தலைப்புகளைக் கடத்த வேண்டும், காக்பிட் அமைப்புக் கோப்பில் உங்கள் முகவரியை ஆரிஜின்ஸ் வரியிலும் சேர்க்க வேண்டும். அப்புறம் அதே கோப்பில் ஐடில் டைம்அவுட்டுக்கு (சும்மா இருந்தால் தானே வெளியேற்றும் நேரம்) 15 நிமிடம் போல ஒன்று கொடுங்கள், இல்லாவிட்டால் திறந்து கிடக்கும் டேப் அப்படியே உயிரோடு இருக்கும்.

என் அனுபவம் கையில் எண்ணக்கூடிய சில சர்வர்களோடு சரி, நூற்றுக்கணக்கில் வைத்திருப்பவர்களின் கணக்கு வேறாக இருக்கலாம். லினக்ஸ் இல்லாமல் ஃபிரீபிஎஸ்டி ஓட்டுகிறீர்கள் என்றால் யோசிக்கவே வேண்டாம், வெப்மின்தான். காக்பிட் லினக்ஸின் சிஸ்டம்டி என்ற சேவை மேலாளரை நம்பி இருப்பது, அங்கே ஓடாது.