மிகப்பெரிய விமானங்கள் ஐந்து, ஒரே தாளில்: ஒரு சுவர்ப்படத்தின் மதிப்புரை

விமானங்களின் அளவை ஒப்பிடும் படங்களில் பெரும்பாலானவை அவற்றை வரிசையாக நிறுத்திவிட்டு, எது எவ்வளவு பெரிது என்று கணிக்கும் வேலையைப் பார்ப்பவரிடமே விட்டுவிடுகின்றன. இணையக் கடை ஒன்றில் 450 ரூபாய்க்கு நான் வாங்கிய இந்த ஏ1 அளவுச் சுவர்ப்படம் வேறு வழியை எடுத்துக்கொண்டிருக்கிறது. எச்-4 ஹெர்குலிஸ், ஆன்டனோவ் ஆன்-225, ஏர்பஸ் ஏ380, போயிங் 747-8, ஸ்ட்ராட்டோலாஞ்ச் ராக் ஆகிய ஐந்தின் புறக்கோடுகளையும், மூக்கு நுனிகள் ஒரே மட்டத்தில் நிற்கும்படி, 1:200 என்ற அளவில் ஒன்றன்மேல் ஒன்றாக வரைந்திருக்கிறார்கள். (ராக் விமானத்துக்கு இரண்டு உடல்கள் இருப்பதால், அதன் இரு மூக்குகளும் நடுக்கோட்டிலிருந்து இருபுறமும் விலகி நிற்கின்றன.) மேல்தோற்றம் தாளின் பெரும்பகுதியை நிரப்புகிறது, அதன் கீழே முன்தோற்றம், வலப்பக்கம் ஓர் அட்டவணை.

மிகப்பெரிய விமானம் எது என்பதற்கு ஒற்றை விடை கிடையாது என்பதை ஒரு வரி விளக்கமும் இல்லாமல் காட்டிவிடுவதே இப்படத்தின் சிறப்பு. அளவுகோலை வைத்துப் பார்த்தால் ராக்கின் இறக்கை 58.5 சென்டிமீட்டர், அதாவது உண்மையில் 117 மீட்டர்; மற்ற நான்கில் எதுவும் அதன் அருகில் வருவதில்லை. ஆனால் பார்வையை மூக்கிலிருந்து வால்வரை கொண்டுபோனால் முதலிடம் 84 மீட்டர் நீளமுள்ள ஆன்-225-க்குப் போய்விடுகிறது. உயரத்தில் எச்-4-உம் ஏ380-உம் ஏறக்குறைய 24 மீட்டரில் சமமாக நிற்கின்றன. முன்தோற்றத்தில் அவற்றின் வால் நுனிகளைப் பிரித்தறிய நான் உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுக்க வேண்டியிருந்தது.

படத்தில் நான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தது ஏ380-இன் இறக்கையைத்தான். ஐந்தில் அதுவே உடலோடு சேருமிடத்தில் மிக அகலமாகவும், அந்த அகலத்தோடு ஒப்பிட்டால் குட்டையாகவும் தெரிகிறது. காரணம் வானத்தில் இல்லை, தரையில் இருக்கிறது. பெரிய விமான நிலையங்களின் நிறுத்துமிடங்களும் ஓடுபாதை இடைவெளிகளும் 80 மீட்டர் என்ற எல்லையை ஒட்டி வகுக்கப்பட்டவை. அந்த எல்லைக்குள் அடங்குவதற்காக ஏ380-இன் இறக்கை வீச்சு 79.75 மீட்டரில் நிறுத்தப்பட்டது. 575 டன் எடையைத் தூக்கத் தேவையான பரப்பு நீளத்தில் கிடைக்காதபோது அகலத்தில்தான் கிடைக்க வேண்டும். மெல்லிய புள்ளிக்கோட்டில் 80 மீட்டர்ச் சதுரம் ஒன்றை மட்டும் சேர்த்திருந்தால் இவ்வளவும் ஒரே பார்வையில் விளங்கியிருக்கும். அதைச் சேர்க்காததை இப்படத்தின் பெரிய குறையாகக் கருதுகிறேன். ஏ380-ஐவிடச் சிறிதாகத் தோன்றும் 747-8 உண்மையில் அதைவிட மூன்றரை மீட்டர் நீளம் கூடுதல் என்பதும் பலருக்கு வியப்பளிக்கும்; ஏ380-இன் பெருமை நீளத்தில் அன்று, இரண்டு முழு அடுக்குகள் கொண்ட அதன் உடலில் இருக்கிறது.

புறக்கோட்டுப் படத்தால் காட்ட முடியாதது எடை. எச்-4-இன் இறக்கை ஆன்-225-இன் இறக்கையைவிட 9 மீட்டர் நீளமானது; ஆயினும் அதன் எடை சுமார் 180 டன்தான், ஆன்-225-இன் உச்ச எடையோ 640 டன். பெரும்பாலும் மரத்தால் கட்டப்பட்டு, எட்டு பிஸ்டன் எஞ்சின்களால் இயங்கிய எச்-4, 1947 நவம்பர் 2 அன்று கலிஃபோர்னியாவின் லாங் பீச் துறைமுகத்தில், அதைக் கட்டிய ஹோவர்ட் ஹியூஸே ஓட்ட, சுமார் 21 மீட்டர் உயரத்தில் ஒன்றரைக் கிலோமீட்டர் அளவுக்குப் பறந்தது. அதன்பின் பறக்கவே இல்லை. 251 விமானங்கள் ஒப்படைக்கப்பட்ட ஏ380-உம் இதுவும் ஒரே தடிமனான கோட்டில், ஒரே தகுதியோடு கிடக்கின்றன. இந்த ஐந்தில் எச்-4, ஆன்-225, ராக் ஆகிய மூன்றும் ஆளுக்கு ஒன்று மட்டுமே கட்டி முடிக்கப்பட்டவை என்பதை அட்டவணை சொல்லவில்லை. எடைக்கும் எண்ணிக்கைக்கும் இரண்டு பத்திகள் ஒதுக்கியிருக்கலாம். எஞ்சின் உற்பத்தியாளர் பெயருக்கு ஒதுக்கிய இடமே போதுமானதாக இருந்திருக்கும்.

அட்டவணையில் அதைவிட மோசமான தவறும் உண்டு. ஆன்-225 இன்னும் பயன்பாட்டில் இருப்பதாக அச்சிட்டிருக்கிறார்கள். சோவியத் ஒன்றியத்தின் புரான் விண்கலத்தை முதுகில் சுமப்பதற்காகக் கட்டப்பட்டு 1988 டிசம்பரில் முதலில் பறந்த அந்த விமானம், 2022 பிப்ரவரியில் கீவ் அருகே ஹோஸ்டோமெல் விமானத்தளத்தில் நடந்த போரில் அழிந்தது. தாளின் ஓரத்தில் அச்சான ஆண்டு 2024 என்று இருப்பதால், பழைய அச்சு என்று சமாதானம் சொல்லவும் வழியில்லை. விற்பனையாளருக்கு எழுதினேன், பதில் வரவில்லை.

வரைபட வேலையில் சிறு குறைகள் சில இருக்கின்றன. ஆன்-225-க்குக் கரும்பச்சையும் 747-8-க்குக் கருநீலமும் கொடுத்திருப்பதால், வால்பகுதியில் கோடுகள் குறுக்கிடும் இடத்தில், அதுவும் குழல் விளக்கின் ஒளியில், எது எதனுடையது என்று தெரிவதில்லை. முன்தோற்றத்தில் எச்-4-ஐயும் மற்றவற்றின் சக்கரங்கள் நிற்கும் தரைக்கோட்டிலேயே வைத்திருக்கிறார்கள். அது நீரில் மிதக்கும் விமானம். அதன் அடிப்பகுதி நீருக்குள் இருக்கும் என்பதால் ஒரு நீர்மட்டக் கோடாவது வரைந்திருக்க வேண்டும். மனித உருவம் ஒன்றும் இல்லை. இந்த அளவில் அது ஒரு சென்டிமீட்டரைக்கூட எட்டாது என்றாலும், தேவைதான்.

அச்சு கூர்மையாக இருக்கிறது, அளவுகளும் நான் சரிபார்த்தவரை துல்லியமானவை. பளபளப்பான தாள், மங்கல் பூச்சுத் தாள் என இரண்டு வகைகளில் விற்கிறார்கள். சன்னலுக்கு எதிரே மாட்டுவதானால் இரண்டாவதையே வாங்குங்கள். பள்ளி ஆய்வகத்துக்கு வாங்குபவர்கள் ஆன்-225-க்கான வரியின்மேல் ஒரு துண்டுத் தாளை ஒட்டிவிட்டு மாட்டுவது நல்லது.