ஜாப்ஸ் டாட் ஏசி டாட் யூகே: தீசிஸ் முடிக்கிற நேரத்துல வேலை தேடுறவங்களுக்கு ஒரு ரிவியூ

நேரா விஷயத்துக்கு வந்துடுறேன். பிஎச்டி கடைசிக் கட்டத்துல இருக்கீங்க, தீசிஸ் இன்னும் சூப்பர்வைசர் கையில கெடக்கு, அலவன்ஸ் நிக்கப் போற மாசம் தெரிஞ்சுபோச்சு, வீட்ல வேலை என்னாச்சுன்னு கேக்க ஆரம்பிச்சுட்டாங்க. இப்படி கோலாலம்பூர்ல உக்காந்துருக்கிற யாரு கேட்டாலும் நான் முதல்ல சொல்ற சைட் ஜாப்ஸ் டாட் ஏசி டாட் யூகே தான், பிரிட்டிஷ் பல்கலைக்கழக வேலை விளம்பரங்க வர்ற சைட். பிரிட்டன் போற எண்ணமே இல்லன்னாலும் சொல்வேன், ஏன்னு கீழ விளக்குறேன்.

நான் இங்க ஒரு அரசாங்கப் பல்கலைக்கழகத்துல செம்பனை (பாமாயில்) ஆலைக் கழிவுநீர் சுத்திகரிப்புல ஆராய்ச்சி பண்றேன். தங்கியிருக்கிறது பந்தாய் டாலாம். பகல் முழுக்க லேப், ராத்திரி தீசிஸ் எடிட்டிங், இதுக்கு நடுவுல வேலை தேடுறதுக்குன்னு மிஞ்சுற நேரம் ரொம்பக் கொஞ்சம். அதனால ஒரு சைட்ல எத்தன ஆயிரம் வேலை இருக்குன்னு நான் பாக்குறதில்ல, என் நேரத்த எவ்வளவு மிச்சப்படுத்துதுன்னுதான் பாக்குறேன்.

சைட்டப் பத்தி சுருக்கமா. 1998ல வார்விக் பல்கலைக்கழகம் ஆரம்பிச்சது, இன்னைக்கும் அவங்களோடதுதான். வேலை தேடுறவங்க ஒரு காசும் கட்ட வேண்டாம், விளம்பரம் போடுற பல்கலைக்கழகங்கதான் கட்டுது. ஒரு வேலைய அமுக்குனீங்கன்னா மேலயே ஊர், சம்பளம், முழு நேரமா பகுதி நேரமா, நிரந்தரமா கான்ட்ராக்டா, என்னைக்குப் போட்டாங்க, என்னைக்கு மூடுறாங்க எல்லாம் கட்டம் கட்டி இருக்கும். இதுல என்ன பெருசுன்னு தோணும், நம்ம ஊரு தனியார் பல்கலைக்கழக விளம்பரங்கள கொஞ்ச நேரம் பாத்துட்டு இங்க வந்தா தெரியும். அங்க பெரும்பாலும் சம்பளமே போட மாட்டாங்க, இண்டர்வியூ வரைக்கும் போயி எதிர்பார்ப்பு எவ்வளவுன்னு அவங்க நம்மளக் கேப்பாங்க. இங்கயும் சில விளம்பரத்துல சம்பளம் சொல்லாம விட்டுருப்பாங்கதான், ஆனா பல்கலைக்கழக வேலையில பாதிக்கு மேல எந்த கிரேடு, எந்தத் தொகையில இருந்து எந்தத் தொகை வரைக்கும்னு எழுதிருக்கும். குடும்பத்துக்கு மாசம் அனுப்பணும், கடன் கட்டணும்னு இருக்கிறவங்களுக்கு இது முதல்லயே தெரியிறது எவ்வளவு நிம்மதி.

ஆனா நான் இந்த சைட்ட நேசிக்கிறதுக்குக் காரணம் சம்பளக் கட்டம் இல்ல. விளம்பரத்தோட, இல்லன்னா அது கொண்டு போய் விடுற பல்கலைக்கழகப் பக்கத்துல, ஒரு பிடிஎஃப் இருக்கும், பர்சன் ஸ்பெசிஃபிகேஷன்னு. இந்த வேலைக்கு வர ஆளுக்கு கண்டிப்பா என்ன இருக்கணும், இருந்தா நல்லதுன்னு என்ன நெனைக்கிறாங்க, ரெண்டையும் வரி வரியா பிரிச்சு எழுதிருப்பாங்க. பல பல்கலைக்கழகங்க இன்னும் ஒரு படி மேல போயி, இந்த வரிய விண்ணப்பத்துல பாப்போம், இந்த வரிய இண்டர்வியூல பாப்போம், இத பிரசென்டேஷன்ல பாப்போம்னு பக்கத்துலயே குறிச்சு வச்சிருக்கும். தேர்வு பண்ற குழு அந்த வரிகள வச்சுதான் ஆள எடை போடுது. அதாவது மார்க் ஸ்கீம முன்னாடியே நம்ம கையில குடுத்துடுறாங்க!

எனக்கு இத காட்டிக் குடுத்தது எங்க லேப்ல முன்ன இருந்த கிள்ளான் அக்கா ஒருத்தவங்க, இப்ப வட இங்கிலாந்துல போஸ்ட்டாக் (பிஎச்டிக்கு அப்புறம் பண்ற ஆராய்ச்சி வேலை) பண்றாங்க. "தம்பி, அந்த பிடிஎஃப பிரிண்ட் எடு, ஒவ்வொரு வரிக்கும் நேரா நீ செஞ்சது என்னன்னு பென்சில்ல எழுது, எழுத முடியாத வரி கட்டாய லிஸ்ட்ல ரெண்டு மூணு இருந்துச்சுன்னா அந்த வேலைய விட்டுட்டுப் போய் தீசிஸ எழுது" அப்படின்னாங்க. தீசிஸ் முடிக்கிற நேரத்துல எனக்குக் கெடச்ச அறிவுரையிலயே உருப்படியானது இதுதான். எதுக்கு விண்ணப்பிக்கக் கூடாதுன்னு சீக்கிரம் தெரிஞ்சா ஒரு வார இறுதி மிச்சம், அந்த வார இறுதியில டிஸ்கஷன் அத்தியாயம் நகரும்.

விண்ணப்பம் எழுதுறதும் இதனால சுலபமாவுது. லேப் அளவு ரியாக்டர் ஓட்டுன அனுபவம்னு கேட்டுருந்தா, எனக்கு அந்த அனுபவம் இருக்குன்னு ஒரு வரியோட விடாதீங்க. எத்தன லிட்டர் ரியாக்டர், எந்த வெப்பநிலை, என்ன கெட்டுப்போச்சு, எப்படி சரிபண்ணீங்க, அதுல இருந்து என்ன பேப்பர் வந்துச்சு, இத மூணு நாலு வரியில எழுதுங்க. இன்னொன்னு, நம்ம ஊரு தலைப்புல ஆராய்ச்சி பண்றவங்களுக்கு முக்கியமா சொல்றேன். செம்பனை ஆலைக் கழிவுநீர்னா இங்க டிரைவர் அண்ணனுக்குக்கூட தெரியும், அங்க இருக்கிற குழுவுல ஒருத்தருக்கும் தெரியாம இருக்கலாம். அதனால நான் எண்ணுல இருந்து ஆரம்பிப்பேன். சுத்திகரிக்காத கழிவுநீர்ல பிஓடி (கழிவ நுண்ணுயிருங்க சிதைக்கத் தேவைப்படுற ஆக்சிஜன் அளவு) லிட்டருக்கு சுமார் 25,000 மில்லிகிராம் இருக்கும், ஆத்துல விடணும்னா சுற்றுச்சூழல் துறை வச்ச வரம்பு 100, இவ்வளவு கெட்டியான கழிவ காத்தில்லாத முறையில சிதைச்சு மீத்தேன் எடுக்கிறேன்னு சொன்னா உலகத்துல எந்த ஊர்ல கழிவுநீர் வேலை பண்றவருக்கும் நிமிந்து உக்காரத் தோணும். ஊரு பேரும் மரத்து பேரும் ரெண்டாவது வரியில வந்தா போதும்.

ஈமெயில் அலர்ட் பத்தி. இது நல்லா வேலை செய்யுது, ஆனா தேடுற வார்த்தையப் பாத்துத் தேர்ந்தெடுத்து வைக்கணும். வெறுமனே தண்ணின்னு வச்சீங்கன்னா கடல் உயிரியல்ல இருந்து நீர்க் கொள்கை வரைக்கும் வந்து குவியும், பாக்கவே அலுப்பா இருக்கும். உங்க டெக்னிக் பேரு, உங்க கருவி பேரு, உங்க துறையோட பழைய பேரு புதுப் பேரு, இப்படி தனித்தனி அலர்ட்டா வைங்க. மெயில் பெட்டியில அதுக்குன்னு ஒரு ஃபோல்டர் போட்டு நேரா அங்க போற மாதிரி பண்ணிடுங்க, சனிக்கிழமை காலையில பசியாறிட்டு ஒரு மணி நேரம் தொறந்து பாத்துட்டு மூடிடுங்க. தினம் பாத்தா மனசு தீசிஸ்ல நிக்காது, இத என் லேப்ல எல்லாருக்கும் சொல்லிட்டு இருக்கேன்.

தீசிஸ் இன்னும் முடியலயே, விண்ணப்பிக்கலாமான்னு கேக்குறவங்க நெறைய. பிஎச்டி முடிச்சிருக்கணும் அல்லது முடிக்கிற நிலையில இருக்கணும்னு எழுதிருந்தா தாராளமா போடலாம். அதுலயும் பல இடங்கள்ல கீழ ஒரு வரி இருக்கும், பட்டம் கையில வராத ஆளு தேர்வானா முதல்ல ரிசர்ச் அசிஸ்டன்ட்டா எடுப்போம், பட்டம் உறுதியானதும் ரிசர்ச் அசோசியேட்டா ஏத்துவோம்னு. சம்பளம் ரெண்டுக்கும் வேற வேற, அதையும் பாத்துக்குங்க. நம்ம பக்கத்துல இதுக்குத் தேவையானது செனட் கடிதம். வைவா (தீசிஸ் வாய்மொழித் தேர்வு) முடிஞ்சு, திருத்தம் குடுத்து, அது ஏத்துக்கப்பட்டு, செனட் ஒப்புதல் ஆனப்புறம் வர்ற கடிதம், பட்டமளிப்பு விழாவுக்கு முன்னாடியே அத வச்சு நிரூபிக்கலாம். வைவாவுல இருந்து அந்தக் கடிதம் வர்றதுக்கு எவ்வளவு நாளாவும்னு உங்க பட்டப்படிப்பு ஆபீஸ்ல இப்பவே கேட்டு வச்சுக்குங்க, வேலை ஆரம்பிக்கிற தேதி அதுமேலதான் நிக்கும்.

அந்தத் தேதியப் பத்தி சந்தேகம் இருந்தா, விளம்பரத்துல விவரம் கேக்க ஒரு பேராசிரியர் பேரும் மெயிலும் போட்டுருப்பாங்க. நம்ம ஆளுங்க அதத் தொட மாட்டாங்க, தொந்தரவு பண்ற மாதிரி ஆயிடுமோன்னு கூச்சம். எழுதுங்கப்பா. கேக்கச் சொல்லித்தானே போட்டுருக்காங்க. நாலு வரி போதும், நான் இன்னாரு, இந்த மாசம் தீசிஸ் சமர்ப்பிக்கிறேன், வேலை எப்ப ஆரம்பிக்கணும், கொஞ்சம் தள்ளிப் போகலாமான்னு கேளுங்க. ஃபண்டு காலக்கெடு இருக்கிற புராஜெக்ட்டா இருந்தா அவங்களே சொல்லிடுவாங்க, ரெண்டு பேருக்கும் நேரம் மிச்சம்.

நேர வித்தியாசம் இன்னொரு விஷயம். மூடுற நாள் ராத்திரி 11.59ன்னு போட்டுருந்தா அது அவங்க ஊரு நேரம், அங்க கோடை நேரமா இருந்தா நமக்கு மறுநாள் காலை 6.59, குளிர்காலத்துல 7.59. இது நமக்கு சாதகம்தான், ஆனா அத நம்பி கடைசி ராத்திரி வரைக்கும் இழுக்காதீங்க. சில இடங்கள்ல மதியமே மூடுவாங்க, போதுமான ஆள் வந்துட்டா முன்னாடியே மூடுவோம்னும் எழுதிருப்பாங்க.

குறைன்னு பாத்தா, விண்ணப்பம் இந்த சைட்டுக்குள்ள முடியாது. ஒவ்வொரு பல்கலைக்கழகத்தோட போர்ட்டலுக்குப் போயி எஸ்பிஎம்ல (மலேசியப் பள்ளி இறுதித் தேர்வு) ஆரம்பிச்சு எல்லாத்தையும் திரும்பத் திரும்ப டைப் பண்ணணும், சிலதுல ஒரு மாலை முழுக்கப் போயிடும். எல்லா விவரத்தையும் ஒரே ஃபைல்ல எழுதி வச்சு காப்பி பண்றது ஒன்னுதான் வழி. அப்புறம் இந்தப் பக்கத்து நாட்டு வேலைங்க ரொம்பக் கம்மி. விசா செலவும் விளம்பரத்துல பெரும்பாலும் தெரியாது, அது பெரிய தொகை. அங்கத்த அரசாங்க மருத்துவ சேவைக்கான கட்டணம் மட்டும் பெரியவங்க ஒருத்தருக்கு வருசத்துக்கு 1,035 பவுண்ட், மூணு வருச விசான்னா மூணு வருசத்துக்கும் சேத்து விண்ணப்பிக்கும்போதே கட்டணும், துணையோட போனா அவங்களுக்கும் தனியா. வேலை குடுக்கிற இடம் இதத் திருப்பிக் குடுக்குமான்னு ஆஃபர் வந்ததும் கேளுங்க, பல இடங்கள் குடுக்குது இல்லன்னா கடனா தருது. இன்ஜினியரிங், கெமிஸ்ட்ரி மாதிரி துறைக்காரங்களுக்கு ஏடாஸ் அனுமதின்னு ஒன்னு இருக்கு, பாதுகாப்புக் கருதி பிரிட்டிஷ் அரசாங்கம் ஆராய்ச்சிக்காரங்களுக்குக் குடுக்கிற அனுமதி, அதயும் கவனிங்க. சிங்கப்பூர்க்காரங்களுக்கு அது வேண்டாம், மலேசியர்களுக்கு வேணும், அது வந்தப்புறம்தான் விசா போட முடியும்.

மத்த சேவைங்களோட ஒப்பிட்டா, யூராக்ஸஸ்ங்கிற ஆராய்ச்சி வேலை சைட் ஐரோப்பிய கமிஷனோடது, அதுவும் இலவசம், ஐரோப்பா பக்கம் பாக்குறவங்களுக்கு கண்டிப்பா வேணும். ஐரோப்பிய ஒன்றியம் பணம் குடுக்கிற மேரி கியூரி போஸ்ட்டாக் ஃபெலோஷிப் போடணும்னு நெனைக்கிறவங்க ஒரு விஷயம் குறிச்சுக்குங்க, விண்ணப்ப அழைப்பு மூடுற நாளுக்குள்ள பிஎச்டிய வெற்றிகரமா டிஃபெண்ட் பண்ணிருந்தா போதும், பட்டச் சுருள் கையில இருக்கணும்னு இல்ல. வழக்கமா செப்டம்பர்ல மூடுவாங்க, அதனால வைவா ஆகஸ்டா அக்டோபரான்னு சூப்பர்வைசர்கிட்ட பேசும்போது இத மனசுல வைங்க. அமெரிக்கா பக்கம் போறவங்களுக்கு இண்டர்ஃபோலியோ, பரிந்துரைக் கடிதத்த வச்சிருந்து அனுப்புற சேவை. அங்க மூணு பரிந்துரைக் கடிதம் விண்ணப்பத்தோடவே கேப்பாங்க, பிரிட்டன்ல பெரும்பாலும் தேர்வுப் பட்டியல்ல வந்தப்புறம்தான் கேப்பாங்க. பேராசிரியர் கடிதத்த இண்டர்ஃபோலியோவுல ஒரு தடவ ரகசியமா ஏத்தி வச்சா போதும், நம்ம பல இடத்துக்கு அனுப்பலாம், அனுப்புறதுக்குத்தான் சந்தா. ஆள் தேடுற பல்கலைக்கழகமே அந்த அமைப்ப வச்சிருந்தா நமக்கு செலவில்ல.

காசு வாங்கி கல்வித்துறை விண்ணப்பம் எழுதித் தர்ற ஒரு சேவையயும் எங்க லேப்ல ஒருத்தர் எடுத்தாரு, பேரு வேண்டாம். வந்தது கம்பெனி வேலைக்குப் போடுற ரெண்டு பக்க ரெசுமே, பேப்பர் பட்டியல சுருக்கி கடைசியில தள்ளிட்டாங்க. பிஎச்டி மாணவர்கிட்ட இருக்கிறதே கொஞ்சம் காசு, அத இப்படி வாங்குறது எனக்கு இன்னமும் கோபம். ஜாப்ஸ் சைட்லயே சிவி மாதிரியும், இண்டர்வியூ பத்தின கட்டுரையும் இலவசமா கெடக்கு, அதப் படிங்க.

இப்ப முதல்ல சொன்னதுக்கு வரேன், இங்கயே வேலை பாக்கப் போறவங்களுக்கு இது எதுக்குன்னு. நம்ம அரசாங்கப் பல்கலைக்கழகங்க ஒவ்வொன்னும் தன் சொந்த போர்ட்டல்லதான் விளம்பரம் போடுது, தனியார்ல நெறைய ஜாப்ஸ்ட்ரீட்ல வருது, நிரந்தர அரசாங்க வேலைக்கு எஸ்பிஎம் மலாய்ல கிரெடிட் வேணும், இதெல்லாம் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். ஆனா அந்த விளம்பரங்கள்ல சொல்ற தகுதி ரெண்டு வரிதான் இருக்கும். உங்க துறையில நாலஞ்சு பிரிட்டிஷ் லெக்சரர் வேலையோட பர்சன் ஸ்பெசிஃபிகேஷன எடுத்து வச்சுப் படிச்சுப் பாருங்க. பாடம் நடத்துறது, மாணவர மேற்பார்வை பண்றது, ஃபண்டுக்கு விண்ணப்பம் எழுதுறது, நிர்வாகம், இதுல ஒவ்வொன்னுலயும் என்ன ஆதாரம் கேக்குறாங்கன்னு தெளிவா தெரியும். இங்க இண்டர்வியூல கேக்குற கேள்வியும் அதேதான், எழுதி வைக்கிறதில்ல, அவ்வளவுதான். எனக்கு அத வச்சுதான் டியூட்டோரியல் எடுக்கவே தோணுச்சு, இல்லன்னா வெறும் லேப் அனுபவத்தோட நின்னுருப்பேன்.

தமிழ், இந்திய ஆய்வியல் மாதிரி துறைக்காரங்களுக்கு இந்த அலர்ட்ல மாசக்கணக்கா ஒன்னும் வராம போகலாம், அவங்க துறைக்குள்ள இருக்கிற ஆளுங்க மூலமாத்தான் தேடணும். ஸ்காலர்ஷிப் போண்ட் (படிச்சு முடிச்சதும் இங்க வேலை பாக்கணும்ங்கிற ஒப்பந்தம்) இருக்கிறவங்க அலர்ட் வைக்கிறதுக்கு முன்னாடி அந்த ஒப்பந்தத்த எடுத்துப் படிச்சுடுங்க, வெளிநாடு போறதுக்காக போண்டத் தள்ளி வைப்பாங்களா, பணம் கட்டணுமான்னு அதுலதான் இருக்கும். மத்த அறிவியல், இன்ஜினியரிங், சுகாதாரம், சமூக அறிவியல் ஆளுங்க சமர்ப்பிக்கிறதுக்கு ஆறேழு மாசம் முன்னாடியே கணக்குத் தொறந்து வச்சுக்கலாம். அஞ்சுக்கு நாலு ஸ்டார், அந்த ஒன்னக் கொறச்சது போர்ட்டல் டைப்பிங்குக்காக.