கடலோர வீட்டில் சீனிப் பொடி: ஆறு ஆண்டு அனுபவம்

மதுரையிலிருந்து ராமேஸ்வரம் தீவிலுள்ள தங்கச்சிமடத்துக்குக் குடிவந்த 2019-ஆம் ஆண்டு முதல், சீனிப் பொடியைக் கடையில் வாங்குவதை ஏறக்குறைய நிறுத்திவிட்டு வீட்டு மிக்சியிலேயே பொடித்துக்கொள்கிறோம். தீபாவளிக்கு ரவா லட்டும் பாசிப்பயறு உருண்டையும், கிறிஸ்துமஸுக்கு நெய் பிஸ்கட்டும் கேக்கும் செய்து அக்கம்பக்கத்தாருக்குக் கொடுப்பது என் மாமியார் தொடங்கிவைத்த வழக்கம். இந்த இரண்டு பண்டிகைகளும் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில்தான் வருகின்றன. ஆண்டில் சீனிப் பொடி அதிகம் தேவைப்படும் நாட்களும், அது மிக எளிதில் கட்டிதட்டிப்போகும் நாட்களும் ஒன்றாகவே அமைந்துவிட்ட ஊர் இது. மதுரை வீட்டில் மாதக்கணக்கில் உதிரியாகக் கிடந்த பொடி, இங்கே முதல் ஐப்பசியில் நான்கே நாளில் டப்பாவின் வடிவத்தில் இறுகியபோது, பொடிப்பது ஒரு வேலை, பொடியைக் காப்பாற்றுவது வேறொரு வேலை என்று புரிந்துகொண்டேன்.

பொடிக்கும் வேலையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஒரு முறைக்கு 200 கிராம் சீனி; அதற்கு மேல் போட்டால் அடியில் இருப்பது மாவாகி, மேலே இருப்பது பரலாகவே நிற்கிறது. உலர்ந்த சிறு ஜாரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிரப்பாமல், பத்து விநாடி ஓட்டி நிறுத்தி, ஜாரைக் குலுக்கி, மறுபடி ஓட்டுவதாக நான்கைந்து முறை செய்தால் போதும். ஒரே மூச்சில் இரண்டு நிமிடம் ஓட்டுவது தவறு என்பதை ஜாரின் சூடே சொல்லிவிடும். சூடேறிய ஜாரின் சுவரில் பொடி அப்பிக்கொண்டு, கரண்டியால் சுரண்டினால் ஏடாக வரும். அரைத்து முடித்ததும் மூடியை உடனே திறக்காமல் ஐந்து நிமிடம் விட வேண்டும். வெள்ளைப் புகைபோல் எழும் தூள் அடங்குவதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. நுண்ணிய சீனித் தூள் காற்றில் பரவி நெருப்பைத் தொட்டால் வெடிக்கக்கூடியது. 2008 பிப்ரவரி 7 அன்று அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு சீனி ஆலையில் சேர்ந்திருந்த தூள் வெடித்து 14 பேர் இறந்தார்கள். வீட்டு ஜாரில் எழும் தூள் அந்த அளவுக்கு வராதுதான். ஆனாலும் எரியும் அடுப்புக்குப் பக்கத்தில் மூடியைத் திறக்கும் பழக்கத்தை நான் விட்டுவிட்டேன்.

பிறகு மைதா சலிக்கும் சல்லடையில் சலித்து, மேலே தங்கும் கப்பியை அடுத்த ஈடோடு சேர்த்து அரைக்கிறேன். சிறு பரல் சீனி சீக்கிரமும் சீராகவும் பொடிகிறது. பெரும்பரல் சீனியில் கப்பி கூடுதலாக நிற்கிறது. லட்டுக்குப் பொடிக்கும்போது நான்கு ஏலக்காயைச் சேர்த்தே அரைப்பது நல்லது, ஏனெனில் தனியாக அரைத்தால் நாராக நிற்கும் ஏலக்காய், சீனிப் பரல்களின் உராய்வில் முழுதும் தூளாகிவிடுகிறது. எடுத்து வைக்கப்போகும் பொடியில் மட்டும் இதைச் செய்வதில்லை. இரண்டு வாரத்தில் மணம் போய்விடுகிறது.

ஜார் விஷயத்தில் ஒரு அவமானத்தைச் சொல்லியாக வேண்டும். இரண்டாம் ஆண்டில், சம்பலுக்காக மாசிக் கருவாடு பொடித்த அதே ஜாரைச் சோப்புப் போட்டு இருமுறை கழுவி, வெயிலில் காயவைத்து, அதில் சீனி அரைத்தேன். முகர்ந்து பார்த்தபோது எதுவும் தெரியவில்லை. நெய் பிஸ்கட் அடுப்பில் சூடேறத் தொடங்கியதும் வீடு முழுவதும் மாசி மணந்தது. மாமியார் ஒன்றைக் கடித்துப் பார்த்துவிட்டு, "சோத்துக்குத் தொட்டுக்கலாம்மா" என்று சொல்லி எழுந்து போய்விட்டார். ஜாரின் அடியில் பிளேடு பொருந்தும் இடத்தைச் சுற்றியுள்ள ரப்பர் வளையம் மணத்தை விடுவதே இல்லை. அன்றிலிருந்து சீனிக்கென்று ஒரு ஜார் தனியாக இருக்கிறது. சீனி மணல்போல் அறுக்கும் பொருள் என்பதையும் அந்த ஜாரே காட்டியது: அதன் தெளிவான பிளாஸ்டிக் மூடி ஓராண்டுக்குள் பனி படர்ந்ததுபோல் மங்கிவிட்டது.

இனி ஈரத்துக்கு வருகிறேன். காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 84 விழுக்காட்டைத் தாண்டும்போது தூய சீனி காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். சாதாரண உப்புக்கு இந்த எல்லை 75 விழுக்காடு என்பதால், வாலிநோக்கம் உப்பளப் பக்கமிருந்து வரும் உப்பு எங்கள் சமையலறையில் முதலில் கசிகிறது, சீனி அதற்குப் பிறகே பிசுபிசுக்கிறது. உப்பு ஜாடியைப் பார்த்தே அன்று சீனி அரைக்கலாமா என்று நான் முடிவு செய்கிறேன். பொடித்த சீனி, பரல் சீனியைவிட விரைவாகக் கெடுவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, பரல் உடைய உடையக் காற்றுபடும் பரப்பு பல மடங்காகிறது. மற்றொன்று, அரைக்கும்போது பரலின் மேற்பரப்பு தன் படிக ஒழுங்கை இழந்துவிடுவதால், அந்த 84 விழுக்காட்டுக்கு வெகு கீழேயே ஈரத்தை உறிஞ்சி, பிறகு மீண்டும் படிகமாகும்போது அந்த நீரைப் பக்கத்துத் துகளுக்குக் கொடுத்து, ஒன்றோடொன்று பிணைந்துகொள்கிறது. அரைத்த முதல் நாளே கட்டி விழுவதற்கு இதுதான் காரணம். அதனால் இப்போது அரைத்த பொடியைச் சில மணி நேரம் மூடிவைத்து, மறுபடி ஒரு முறை சலித்த பின்பே பாட்டிலில் இடுகிறேன்.

கடையில் விற்கும் ஐசிங் சுகரில் 3 விழுக்காடு அளவுக்குக் கார்ன் ஃப்ளோர் சேர்ப்பதும் இந்தப் பிணைப்பைத் தடுப்பதற்காகத்தான். 200 கிராம் சீனிக்குத் தட்டையாக இரண்டு தேக்கரண்டி என்று கணக்கு வைத்து, 2021 மழைக்காலத்தில் அதைச் சேர்த்த பொடியையும் சேர்க்காத பொடியையும் ஒரே மாதிரியான இரு பாட்டில்களில் வைத்துப் பார்த்தேன். சேர்க்காதது ஆறாம் நாள் கட்டியானது. சேர்த்தது மூன்றாம் வாரத்தில் கட்டியானாலும் விரலால் அழுத்தினால் உதிர்ந்தது. பிஸ்கட்டுக்கும் கேக்குக்கும் இது போதுமான காவல். ஆனால் லஸ்ஸி, பழச்சாறு, அடித்த கிரீம் போன்ற வேகாத பண்டங்களில் பச்சை மாவின் சுவை நாக்கில் படுகிறது. அவற்றுக்கு மாவு சேர்க்காமல் அவ்வப்போது அரைத்துக்கொள்வதே சரி.

எவர்சில்வர் டப்பாக்களின் மூடி எவ்வளவு இறுக்கமாகத் தெரிந்தாலும் இந்தக் காற்றுக்கு அது வேலியாகாது. ரப்பர் வளையமிட்ட கண்ணாடிப் பாட்டில், அதுவும் ஒரு தடவைக்குக் காலியாகும் சிறிய பாட்டில், இதுவரை கைவிடவில்லை. வறுத்த பச்சரிசியைத் துணியில் முடிந்து உள்ளே போட்டுப் பார்த்ததில் குறிப்பிடத்தக்க பலன் இல்லை. ஃபிரிட்ஜில் வைத்தது எல்லாவற்றிலும் மோசமான முடிவு: குளிர்ந்த பாட்டிலை வெளியே எடுத்துத் திறந்த சில நிமிடங்களில் உள்ளே வியர்த்து, பொடி ஓரமெல்லாம் பாகாகிவிட்டது. எறும்புக்காகக் கிராம்பு போடும் பழைய முறை பரல் சீனிக்குப் பொருந்தும். பொடி கிராம்பின் மணத்தை அப்படியே வாங்கிக்கொண்டு, ரவா லட்டைப் பல்வலி மருந்துபோல ஆக்கிவிடுகிறது. பாட்டிலைத் தண்ணீர்த் தட்டில் நிறுத்துவதும் இங்கே வேண்டாம், ஈரத்துக்கு நாமே வழிவிட்டதாகும்.

ரேஷன் சீனி சில மாதங்களில் சற்று ஈரமாக வருகிறது. அதைப் பொடிப்பதற்கு முன் தாம்பாளத்தில் பரப்பி, மேலே வெள்ளைத் துணி கட்டி, இரண்டு மணி நேரம் வெயிலில் வைக்கிறோம். கச்சான் காற்று வீசும் மாதங்களில் மொட்டைமாடியில் வைத்தால் துணியையும் மீறி மணல் கலந்துவிடுவதால், அப்போது சன்னலோரம் விழும் வெயிலே போதும். வெயில் காட்டிய சீனியைச் சூட்டோடு அரைக்கக் கூடாது, ஆறிய பிறகே அரைக்க வேண்டும்.

அளவில் ஏமாறுவது எளிது. ஒரு டம்ளர் சீனி பொடித்தபின் ஏறக்குறைய ஒன்றே முக்கால் டம்ளராகிறது; ஆகவே குறிப்பில் "ஒரு டம்ளர் பொடித்த சீனி" என்றிருந்தால் அதைப் பொடித்த பிறகு அளக்க வேண்டும். நான் தராசில் கிராமாகவே நிறுக்கிறேன். பொடி நாவில் விரைவாகக் கரைவதால் இனிப்புக் கூடுதலாகத் தோன்றும். எடைக்கு எடை இரண்டும் ஒன்றே.

சாயல்குடிப் பக்கத்துப் பனைப் பொருள்களிலும் இதை முயன்றேன். கருப்பட்டி இயல்பிலேயே ஈரம் கொண்டது. மிக்சியில் போட்டால் பிளேடைச் சுற்றிக் களியாகிறது, அதைத் துருவுவதே வழி. பனங்கற்கண்டு, முதலில் உரலில் தட்டி, ஒட்டியிருக்கும் நூலைப் பொறுக்கி எடுத்துவிட்டால், அழகாகப் பொடிகிறது. குழந்தைகளுக்குப் பாலில் கலக்க அது எங்களுக்கு மிகவும் பிடித்துப்போனது. ஆனால் வெள்ளைச் சீனிப் பொடியைவிட விரைவில் ஈரம் கோக்கும், அன்றன்றைக்கு அரைத்தாக வேண்டும். 2024 நவம்பர் 20 அன்று இந்தத் தீவில் மழை கொட்டித் தீர்த்தபோது மின்சாரம் இல்லாமல், அதே உரலில் வெள்ளைச் சீனியையும் இடித்து லட்டு பிடித்தோம்; கொஞ்சம் நறநறத்தது, யாரும் குறை சொல்லவில்லை.

அந்த நறநறப்புத்தான் வீட்டுப் பொடியில் நான் இன்னும் தீர்க்காத குறை. மிக்சி எவ்வளவு ஓடினாலும் ஆலையில் அரைப்பதன் நுண்மை வருவதில்லை. பிஸ்கட்டிலும் லட்டிலும் அது தெரியாது. கேக்கின் மேல் வெண்ணெய்க் கிரீம் பூசும்போதும், முட்டை வெள்ளைக்கருவில் குழைத்துப் பெயர் எழுதும்போதும், பரல் நாக்கிலும் கூம்பின் மெல்லிய துளையிலும் மாட்டுகிறது. அதனால் கிறிஸ்துமஸ் கேக்குக்கு மட்டும் ஆண்டுக்கொரு முறை மிகச் சிறிய ஐசிங் சுகர் பாக்கெட் ஒன்றை ராமநாதபுரத்திலிருந்து வாங்கி வந்து, எழுதப்போகும் நாளன்றுதான் பிரிக்கிறேன். மிஞ்சுவதை வைத்துக்கொள்வதில்லை, அன்று மாலைத் தேநீரில் போட்டுவிடுகிறோம், கார்ன் ஃப்ளோரால் தேநீர் சற்றுக் கலங்கலாக இருக்கும்.